ஆடித் தள்ளுபடியில் ஒரு முதுகெலும்பு

ஜூலை 14, திங்கள்

காலை எட்டு பத்துக்கு என் இடுப்பு போய்விட்டது. நேரம் குறிப்பது முப்பத்தெட்டு வருட வருவாய்த் துறைப் பழக்கம். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் விடவில்லை.

நடந்தது இதுதான். அரிசிக் கடை வண்டிக்காரர் இருபத்தைந்து கிலோ சிப்பத்தைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். எறும்பு ஏறுமே என்று உடனே உள்ளே எடுக்கச் சொன்னேன். என் மனைவி துளசிமணி தூக்கினாள். படியில் தடுமாறினாள். எதையும் முறையாகச் செய்யத் தெரியாது. "இப்புடிப் பிடி, இப்புடி" என்று குனிந்து காட்டினேன். குனிந்தவன் நிமிரவில்லை.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று சிப்பத்தை வைத்துவிட்டு என்னைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். பிறகு போய்ச் சிப்பத்தையும் கொண்டுவந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

முழு ஓய்வு. மெத்தையைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னேன், மின்விசிறி அங்கேதான் நன்றாகச் சுற்றும். அவளே இழுத்துப் போட்டாள். மூன்று வேளை வெந்நீர் ஒத்தடம், இரண்டு வேளை தைலம்.

ஓய்வெடுக்கத்தான் முடியவில்லை. துளசி நடக்கும்போதெல்லாம் இடது காலைத் தரையில் இழுத்துக்கொண்டே போகிறாள். சர், சர் என்று சத்தம். நோயாளி படுத்திருக்கும் வீடாயிற்றே! "வீட்டுக்குள்ள செருப்புப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று சத்தம் போட்டேன்.

"செருப்புப் போடலீங்களே" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அர்த்தநாரி பார்க்க வந்தார். பூங்காவில் என்னோடு காலை நடை போகிறவர், பத்திரப் பதிவுத் துறை ஓய்வு. எங்கள் நடைக் குழுவில் ஏழு பேர். ஒருவருக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், ஒருவருக்கு முழங்கால் மாற்று, ஒருவருக்குக் கண்ணில் லென்ஸ், இப்படி ஆளுக்கொன்று. எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் இருந்தது. பேச்சு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினால் நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அர்த்தநாரிக்குப் போன வருடம் முதுகில் ஆபரேஷன். கேட்காமலேயே சட்டையைத் தூக்கித் திரும்பி நின்றார்.

"பாருங்க சிகாமணி. தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலீங்களே."

"அதுதான் விசேஷம்! ஒன்றரை சென்டிமீட்டர். அந்தக் காலத்துல ஒரு சாண் கிழிச்சு, சதையை ரெண்டு பக்கமும் ஒதுக்கி, மாசக் கணக்குல படுக்க வெப்பாங்க. இப்ப விரல் தடிமனுக்கு ஒரு குழாய். அதுக்குள்ள மைக்ராஸ்கோப்புல பார்த்துக்கிட்டே, நரம்பை அமுக்கற ஜவ்வுத் துண்டை மட்டும் கிள்ளி எடுத்துருவாங்க. மறுநாள் நானே நடந்து போய்ப் பல்லு வெளக்குனேன்."

துளசி காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் தட்டில் ஆடிக் கொஞ்சம் சிந்திற்று. அர்த்தநாரி, "அம்மிணி, உங்க கால் என்ன..." என்று ஆரம்பித்தார். அவருக்கு எப்போதும் பேச்சை மாற்றும் பழக்கம். நான் மறுபடி ஆபரேஷனுக்கு அவரை இழுத்து வந்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஸ்கேன் எடுத்தாயிற்று. கடைவீதியில் துணிக்கடைதான் ஆடித் தள்ளுபடி போடும் என்று நினைத்திருந்தேன். ஸ்கேன் சென்டரிலும் தட்டி வைத்திருக்கிறார்கள்: "ஆடி அதிரடி! முதுகு எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஒவ்வொருவருக்கும், துணைவருக்குப் பாதிக் கட்டணம்." அரசு ஊழியனாக இருந்தவன் சலுகையை விடலாமா? "எனக்கெதுக்குங்க?" என்று துளசி பின்வாங்கினாள். சும்மா வருகிறதை வேண்டாம் என்பது என்ன குணமோ. உள்ளே தள்ளிவிட்டேன்.

அந்தக் குகைக்குள் என்னைப் படுக்க வைத்ததும் தகரக் கொட்டகையில் ஆணி அடிப்பது போலச் சத்தம். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தேன். அடுத்து அவள் போனாள். வந்தவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

"பயமா இல்லியா?"

"இருவது நிமிசம் யாருமே கூப்பிடலீங்க. நல்லாத் தூங்கிட்டனுங்க" என்றாள்.

என்ன ரசனையோ!

ஜூலை 22, செவ்வாய்

ஃபிலிம் வந்துவிட்டது. சலுகை என் பெயரில் பதிவானதால் இரண்டு உறையிலும் கொட்டை எழுத்தில் என் பெயரே. அதனால் என்ன, எனக்குத் தெரியாதா? இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஒன்று வரிசையாக அடுக்கிய செங்கல் மாதிரி சுத்தமாக இருந்தது. அதை பீரோ மேல் போட்டேன். மற்றொன்றில் கீழிருந்து இரண்டாவது இடுக்கில் கறுப்பாக ஒன்று பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அடேயப்பா! என் வலிக்கு இதுதான் பொருத்தம். அறிக்கையின் கடைசிப் பத்தியை மட்டும் படித்தேன். எல் ஃபோர், எல் ஃபைவ். ஜவ்வு வெளித்தள்ளல். கடுமையான நரம்பு அழுத்தம். 'கடுமையான' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.

ஜூலை 26, சனி

பூங்காவுக்கு ஃபிலிமோடு போனேன். சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டியதும் ஸ்டென்ட்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அர்த்தநாரி ஃபிலிமை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பாதிகூட இல்லீங்களே என்னுது! இதோட எப்புடி சிகாமணி நடந்து வந்தீங்க?"

"மனசுதான் காரணம்" என்றேன்.

உண்மையில் வலி புதன்கிழமையே குறைந்திருந்தது. ஆனால் ஃபிலிம் பொய் சொல்லாதே. இரண்டு சுற்று மெதுவாக நடந்து, மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பென்ஷனர் சங்கச் செயலாளரே ஓடிவந்து நாற்காலி போட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

துளசி வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு. ஒரு குண்டான் சாம்பார் வீண். கவனம் பத்தாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயம்புத்தூரில் முதுகெலும்பு ஆஸ்பத்திரியில் புதன்கிழமைக்கு நேரம் கிடைத்தது. ஓசூரில் இருக்கும் மகள் மேகலா வீடியோவில் கூப்பிட்டாள். என் நிலைமையை விளக்கிக்கொண்டே இருந்தேன், நடுவில் அவள், "அப்பா, பின்னால அம்மா ஏன் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறாங்க?" என்றாள்.

"வயசாச்சில்ல? அதை விடு. என்னுது எல் ஃபோர், எல் ஃபைவ்."

"அம்மாகிட்டக் குடுங்கப்பா."

கொடுத்தேன். அடுப்படிக்குள் போய் அரை மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் அரிந்திருப்பாள். "எனக்கும் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டலாமுங்களா?" என்று கேட்டாள். முதலில் என் ஆபரேஷன் முடியட்டும், ஒரே வீட்டில் இரண்டு நோயாளி ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஐந்து வகைச் சாதம் செய்தாள். புளிச்சாதத்தில் உப்பு தூக்கல்.

ஆகஸ்ட் 6, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா என்று ஒரு மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறேன்.

டாக்டர் பெயர் அருள்மொழி. நாற்பது வயதுப் பெண்மணி, சிரிக்காத முகம். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். உதட்டைப் பிதுக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. "ஒன்றரை சென்டிமீட்டர்தானே மேடம்?" என்றேன்.

"படுங்க, முதல்ல பார்க்கலாம்" என்று என் காலை மடக்காமல் மேலே தூக்கினார். தொண்ணூறு டிகிரிக்குப் போயிற்று.

"வலிக்குதா?"

"மனசைத் திடப்படுத்திக்கிட்டேன் மேடம்."

"எந்திரிச்சுக் குதிகால்ல நடங்க. இப்ப விரல்ல நடங்க." இரண்டும் நடந்தேன். டாக்டர் என்னையும் ஃபிலிமையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபிலிமின் மூலைக்குக் கண்ணைக் கொண்டுபோனார்.

"உங்களுக்கு என்ன வயசுங்க ஐயா?"

"அறுபத்திமூணு."

"இதுல ஐம்பத்தேழு, பெண்ணுன்னு இருக்கு. துளசிமணி. யாரு?"

டைப்பிங் தப்பாக இருக்கும் என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம், தலைப்பெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த மூலையை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் கதவோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "அம்மா, பையை வெச்சுட்டு இங்க நடந்து வாங்க."

சர், சர்.

"குதிகால்ல நில்லுங்க." வலது பாதம் தூக்கிற்று. இடது பாதம் தரையிலேயே கிடந்தது. கட்டிலில் உட்கார வைத்து, "இடது பெருவிரலை உங்க முகத்தைப் பார்த்து மடக்குங்க" என்றார். துளசி பல்லைக் கடித்தாள். நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை. யாரோ ஒருத்தருடைய விரல் போல அப்படியே இருந்தது.

ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன்.

"கால் எப்ப இருந்து இப்புடி?"

"தெரியலீங்க. ஒரு மாசம் இருக்குமுங்க."

"சரியாத் தெரியணும்மா. நரம்பு எத்தனை நாள் அமுங்கிக் கெடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் கால் திரும்ப வருமா வராதான்னு ஒரு கணக்கு சொல்ல முடியும்."

நாட்குறிப்பு என் பையில் இருந்தது. ஆபரேஷன் விவரத்தை அங்கேயே குறித்துக்கொள்ளலாம் என்று கொண்டுபோயிருந்தேன். எடுத்தேன். ஜூலை 15ஐப் படித்தேன். "இன்னும் பின்னால போங்க" என்றார் டாக்டர். போனேன். ஜூன் 2: துளசியின் புதுச் செருப்பு இடது காலில் நிற்காமல் கழன்றுவிடுகிறது, கடைக்காரனிடம் சண்டை போட்டு மாற்றி வந்தேன். ஜூன் 5: மாற்றிய செருப்பும் கழல்கிறது. ஜூன் 9: மூன்றாவது ஜோடி, கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒம்பது வாரம்" என்றார் டாக்டர். "எல்லாத்தையும் நல்லா எழுதி வெச்சிருக்கீங்க."

செருப்படி வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

நாளை மறுநாள் ஆபரேஷன். அதே சிறுதுளை ஆபரேஷன்தான். கால்வலி போய்விடும், பாதம் எழும்புமா என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். வெளியே வரும்போது என் ஃபிலிமையும் காட்டினேன், துளசிதான் பீரோ மேலிருந்து எடுத்துப் பையில் வைத்திருக்கிறாள். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு அருமையான முதுகு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"வலிக்குதுன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வலிச்சுதுங்களே" என்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஐம்பது நிமிடம் என்றார்கள். கைபேசி நிற்கவே இல்லை. பூங்கா முழுக்க எனக்குத்தான் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தது. "மயக்கம் தெளிஞ்சுதுங்களா சிகாமணி?" என்று ஸ்டென்ட்காரர் என்னிடமே கேட்டார். அர்த்தநாரி ஆப்பிளும் பூங்கொத்துமாக வந்துவிட்டார். நான் வராந்தாவில் திடகாத்திரமாக நிற்பதைப் பார்த்து, "அதுக்குள்ள நடக்க விட்டுட்டாங்களா!" என்று என் சட்டையைத் தூக்கிப் பார்க்க வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கே கேட்டனுங்க" என்றார்.

ஐம்பது நிமிடம் எழுபதாயிற்று. பயந்தேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் இருந்ததே இல்லை என்று முதலில் தோன்றிற்று. அப்புறம், அடுப்படிக் கதவு நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். தேங்காய் வழுக்கைத் துணுக்கு போல ஒன்று. அவ்வளவுதான். அது நரம்பின் மேல் உட்கார்ந்திருக்க, இவள் சிப்பம் தூக்கியிருக்கிறாள், மெத்தை இழுத்திருக்கிறாள், என்னைத் தூக்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

நடந்தாள். தொடையிலிருந்து சுரீரென்று இறங்கும் வலி போயே போய்விட்டதாம். பாதம் மட்டும் எழும்பவில்லை. ஆறு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, வெகுநேரம் உட்காரக் கூடாது. தினமும் விரலைத் தூக்கும் பயிற்சி.

காயத்தைப் பார்த்தேன். என் கட்டைவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிய ஒட்டுத் துணி. யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீடு. உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. படுத்த இடத்திலிருந்தே, "ரெண்டாவது தட்டு, செவப்பு மூடி டப்பாங்க" என்றாள். சிவப்பு மூடியில் நாலு டப்பா இருக்கிறது. ரசத்துக்கு ஆப்பச் சோடா போட்டேன். பொங்கிற்று.

மாலையில் உறவுக்காரர்கள் எட்டுப் பேர் பார்க்க வந்தார்கள். என் சின்ன மாமியார் துளசியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். "மாப்ள, உங்க பாடுதானுங்க பெரும்பாடு! இந்த வயசுல ஆம்பள அடுப்படில நிக்கோணுமா?" எட்டுப் பேருக்கும் காப்பி போட்டது யார் என்று நினைக்கிறார்கள்? பால் திரிந்துவிட்டது. எல்லாரும் மனம் நோகக் கூடாதென்று குடித்தார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

காலை ஐந்தரை முதல் நின்றுகொண்டே இருக்கிறேன். பாத்திரம், துணி, வாசல். இதற்கு நடுவில் மேற்படி பயிற்சி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விரலையே பார்ப்பேன். "தூக்கு, துளசி." மூச்சைப் பிடிப்பாள். "வரலீங்க." தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வருவேன். அடுப்படியில் தனியாக நிற்கும்போது என் விரலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். எத்தனை சுலபமாக எழும்புகிறது, பாவி விரல்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். பிள்ளையார் சாப்பிட்டிருக்க மாட்டார். துளசி இரண்டு சாப்பிட்டாள். தெரு முனைப் பிள்ளையாரிடம் போய், அந்தக் கால் வந்துவிட்டால் நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். இதுவரை பதவி உயர்வுக்குத்தான் வேண்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை காப்பி போக, பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ என்று வழக்கமாகிவிட்டது. இப்போது பால் திரிவதில்லை. "நல்லாருக்குங்க" என்றாள் இன்று. பூங்காப் பக்கம் போய் ஒரு மாதமாயிற்று. விரல் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். ஆறு வாரம் முடிகிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பதினோரு மணிக்குக் கொல்லைப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ரேடியோவில் பழைய பாட்டு. ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். துளசி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே இடது பாதம். பாட்டுக்குத் தாளம் போட்டது. விரல் மட்டுமல்ல, பாதம் முழுக்க, மேலே, கீழே, மேலே, கீழே. ஈரச் சேலை என் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். எழுத வெட்கமாக இல்லை.

முதலில் மகளுக்குச் சொல்லலாம் என்று, அங்கிருந்தே மேகலாவைக் கூப்பிட்டேன். "கண்ணு, அம்மாவுக்குக் கால் வந்துருச்சு! இப்பத்தான் பார்த்தேன்!"

"அப்பா... பத்து நாளாச்சுப்பா" என்றாள்.

"என்னது?"

"வீடியோல ஆட்டிக் காட்டுனாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'சித்த நாளு இப்புடியே படுத்துக்கறேன் கண்ணு, தெரிஞ்சா எந்திரிக்கச் சொல்லிருவாரு'ன்னாங்கப்பா."

ஏமாற்றுக்காரி! நான் இங்கே சோறு இறங்காமல், பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு... ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உள்ளே போனேன்.

ரேடியோ நின்றிருந்தது. பாதம் கட்டை மாதிரி கிடந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க, இன்னிக்கும் வரலீங்க" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். காது நுனி வரை சிவந்துவிட்டது.

வாயில் வந்ததை விழுங்கினேன். எந்திரிக்கச் சொல்லிவிடுவேன் என்றுதான் பயந்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடமாக அதைத் தவிர நான் வேறென்ன சொல்லியிருக்கிறேன்?

"அதுக்கென்ன, மெதுவா வரட்டும்" என்றேன். "நீ படுத்துக்க. காப்பி கொண்டாறேன்."